ஏஞ்சல் மீன் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவரிடம் உறவினரும் நண்பரும் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை மீன் வாங்கிய மறுவாரம்தான் வருகின்றன. அவற்றுள் பாதி, வாங்குவதற்கு முந்தைய நாளே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை என்பது பல ஆண்டுகளாக ஏஞ்சல் மீன் வளர்த்துவரும் எனது அனுபவம். ஆகவே கடையில் நிற்கும்போது எழ வேண்டிய கேள்விகளை முதலில் வைத்திருக்கிறேன்.

கடைகளில் 'ஏஞ்சல்' என்று விற்கப்படும் மீன் எது? அதன் சொந்த ஊர் எது?

தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையில் வாழும், சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன் இது. டெரோஃபில்லம் என்பது இதன் பேரினப் பெயர். கிரேக்க மொழியில் சிறகையும் இலையையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து உருவான பெயர் அது. பக்கவாட்டில் பார்த்தால் உள்ளங்கை அகலம் தெரியும் மீன், நேர் எதிரே திரும்பி நம்மைப் பார்க்கும்போது ஒரு வெற்றிலையின் ஓரத்தைப் பார்ப்பதுபோல் மெலிந்துபோவதைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். நீரில் மூழ்கிய வேர்களுக்கும் நாணல் தண்டுகளுக்கும் நடுவே நுழைந்து வெளிவருவதற்கு இந்தத் தட்டையான உடல் உதவுகிறது. உடலில் செங்குத்தாக ஓடும் கருங்கோடுகள் அந்தத் தண்டுகளின் நிழலோடு கலந்துவிடுகின்றன.

இதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த உள்நாட்டு மீன்கள் இந்தியாவில் மூன்றே மூன்றுதான் உள்ளன. அவற்றுள் ஒன்று, கேரளத்தில் வாழையிலையில் பொதிந்து பொரித்துத் தரப்படும் கரிமீன். அதனால் ஏஞ்சலை முற்றிலும் அந்நியர் என்று சொல்லிவிட முடியாது. மிகத் தொலைவில் போய்விட்ட ஒரு பங்காளி என்று கொள்ளலாம்.

ஏஞ்சலில் எத்தனை இனங்கள் உள்ளன? அவற்றை எப்படிப் பிரித்தறிவது?

அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருப்பவை மூன்று: 1823 இல் விவரிக்கப்பட்ட ஸ்கலாரே, 1903 இல் விவரிக்கப்பட்ட ஆல்டம், 1963 இல் விவரிக்கப்பட்ட லியோபோல்டி. நிறத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முயல்வது வீண், நெற்றியைப் பாருங்கள். ஆல்டத்தின் நெற்றி செங்குத்தாக ஏறும், மூக்குக்கு மேலே பள்ளம்போல் ஒரு மடிப்பு தெளிவாகத் தெரியும், உடலும் நீளத்தைவிட உயரத்தில் ஓங்கி நிற்கும். லியோபோல்டியின் நெற்றியிலோ மடிப்பே இராது. வாயிலிருந்து முதுகுத் துடுப்புவரை கோடு நேராகச் சரிந்து ஏறும். மேலும் அதன் முதுகுத் துடுப்பின் அடியில், பட்டை மேலே முடியும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். ஸ்கலாரே இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது ஏறக்குறைய எப்போதும் பண்ணையில் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட ஸ்கலாரேதான். 'பெருவியன் ஆல்டம்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் நின்று யோசியுங்கள். பெரு நாட்டிலிருந்து வரும் உயரமான ஸ்கலாரேவுக்கு வணிகர்கள் சூட்டிய பெயர் அது. உண்மையான ஆல்டம் ஓரினோக்கோ ஆற்றிலும் நீக்ரோ ஆற்றின் மேற்பகுதியிலும், மிக மென்மையான, அமிலத்தன்மை மிகுந்த நீரில் வாழ்வது. சென்னையின் ஆழ்குழாய்த் தண்ணீரில் அது நீடித்து வாழ்வது கடினம்.

கோய், மார்பிள், ஜீப்ரா, பிளாக், வெயில்டெயில் என்பவை தனித்தனி இனங்களா?

இல்லை. எல்லாம் ஸ்கலாரேயின் நிற வேறுபாடுகளும் துடுப்பு வேறுபாடுகளுமே. ஒன்றோடொன்று இணைந்து குஞ்சு பொரிக்கும். இவற்றின் பின்னால் உள்ள மரபுக் கணக்கு சுவையானது. கருமை தரும் மரபணு பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மீன் 'பிளாக் லேஸ்' ஆகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் முழுக் கறுப்பாகிறது. ஆகவே இரண்டு பிளாக் லேஸ் மீன்களை இணைத்தால், ஏறக்குறைய நான்கில் ஒரு குஞ்சு முழுக் கறுப்பாகவும், இரண்டு லேஸாகவும், ஒன்று சாதாரண வெள்ளி நிறமாகவும் பிறக்கும். கோல்டு நிறமோ ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் கிடைத்தால்தான் வெளியே தெரியும். வெள்ளி நிறப் பெற்றோருக்குத் திடீரென்று மஞ்சள் குஞ்சுகள் பிறந்துவிட்டன என்று வியந்து யாரேனும் தொலைபேசியில் அழைத்தால், இரு பக்கமும் அந்தப் பண்பு மறைந்திருந்தது என்பதே விடை.

நீண்ட துடுப்புடைய வெயில்டெயில் வகையை மற்ற வகைகளோடு சேர்த்து வைத்தால் துடுப்பு கிழிபடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

'மோனோ ஏஞ்சல்' என்று விற்கிறார்களே, அதுவும் இதே மீன்தானா?

உடல் வட்டமாக, வெள்ளியாகப் பளபளத்து, துடுப்பில் மஞ்சள் பூசியதுபோல் இருக்கும் அந்த மீன் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் வாழ்வது. குட்டியாக இருக்கும்போது நன்னீரில் தாக்குப்பிடிப்பதால் கடைக்காரர் நன்னீர்த் தொட்டியிலேயே காட்டுவார். வளர வளர அதற்கு உவர்நீர் தேவைப்படும். கூட்டமாக வாழும் அதைத் தனியாக வாங்கிவந்து நன்னீரில் விட்டால் ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்துவிடும்.

கடல் ஏஞ்சல் என்பது என்ன?

பெயர் ஒன்று, குடும்பம் வேறு. பவளப்பாறைகளில் வாழும் கடல் ஏஞ்சல்கள் போமகாந்திடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை வண்ணத்துப்பூச்சி மீன்களிலிருந்து வேறுபடுத்த ஓர் எளிய வழி உண்டு. செவுள் மூடியின் கீழ் மூலையில் பின்னோக்கி நீளும் கூர்மையான முள் கடல் ஏஞ்சலுக்கு இருக்கும், வண்ணத்துப்பூச்சி மீனுக்கு இராது. வலையில் சிக்கி, அதிலிருந்து மீளாமல் கிடக்கும் கடல் ஏஞ்சலைப் பார்த்தவர்களுக்கு அந்த முள் எங்கே இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கடல் ஏஞ்சல்களை அடையாளம் காண்பதில் அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். பேரரசர் ஏஞ்சலின் குட்டி, கருநீல உடலில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்ததுபோல் இருக்கும். வளர்ந்த மீனுக்கோ மஞ்சளும் நீலமும் மாறிமாறி வரும் கிடைக்கோடுகள். மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் வளர்ந்த மீனுக்கு 1787 இல் பெயரிட்டார். அவர் மறைவுக்குப் பின் 1801 இல் ஷ்னைடர் முடித்து வெளியிட்ட நூலில் அதன் குட்டி, நிக்கோபாரின் பெயரால், வேறு ஓர் இனமாக இடம்பெற்றது. இதே பிளாக்குக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன் மாதிரிகளை அனுப்பிவந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார். நம் கடற்கரைச் சந்தைகளில் கிடைக்கும் கத்தாளை வகை மீன்களில் ஒரு பேரினம் இன்றும் 'ஜானியஸ்' என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முதல் தொட்டி வைப்பவர் கடல் ஏஞ்சலை நாடவே வேண்டாம். பேரரசர் ஏஞ்சல் 40 செ.மீ. வரை வளரும், அதற்கான உப்புநீர்த் தொட்டியைப் பராமரிக்கும் செலவில் நன்னீர்த் தொட்டிகள் பலவற்றை நடத்திவிடலாம்.

ஆண், பெண் எப்படித் தெரியும்?

முட்டையிடும் காலம் தவிர மற்ற நேரங்களில் உறுதியாகச் சொல்ல இயலாது. நெற்றி புடைத்திருந்தால் ஆண் என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஊகமே. முட்டையிடும் நாள் நெருங்கும்போது வயிற்றின் அடியில் சிறு குழாய் ஒன்று வெளிப்படும். பெண்ணுக்கு அது பருமனாக, நுனி மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெலிந்து கூர்மையாக இருக்கும். இதனால்தான் ஜோடி வேண்டுவோர் ஆறு குட்டிகளை ஒன்றாக வளர்த்து, அவை தாமாக இணைசேரும்வரை காத்திருக்கிறார்கள். ஒரு வேடிக்கையும் உண்டு: ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண்கள் இணைசேர்ந்து, இடத்தைச் சுத்தம் செய்து, முறைப்படி முட்டையும் இட்டுவிடும். முட்டைகள் அனைத்தும் இரண்டே நாளில் வெளுத்துப்போகும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

கடையில் நீங்கள் பார்ப்பது நாணய அளவுக் குட்டி. ஓராண்டுக்குள் அதன் உடல் 10 முதல் 15 செ.மீ. நீளத்தை எட்டும், மேல் துடுப்பின் நுனியிலிருந்து கீழ்த் துடுப்பின் நுனிவரை அளந்தால் ஒரு சாணைத் தாண்டும். ஆகவே நீளத்தைக் காட்டிலும் உயரம் முக்கியம். ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையவே கூடாது. நம் ஊரில் தொட்டிகளை அடிக்கணக்கில் விற்பதால் கணக்கை அப்படியே சொல்கிறேன். ஒரு கன அடியில் 28 லிட்டர் தண்ணீர் கொள்ளும். எல்லோரும் முதலில் வாங்கும் 2×1×1 தொட்டியில் சுமார் 57 லிட்டர்தான் நிற்கும். அது ஏஞ்சலுக்குப் போதாது. ஒரு ஜோடிக்கு 2×1×1.5 அளவுள்ள, 85 லிட்டர் தொட்டி குறைந்தபட்சம். ஆறு மீன் வளர்க்க 3×1.5×1.5 அளவு வேண்டும். அதில் 190 லிட்டர் நிற்கும், தண்ணீரின் எடையே 190 கிலோ. மர அலமாரியின் மேல் வைக்கலாமா என்று கேட்பவர்கள், இரண்டரை மூட்டை அரிசிக்கு மேலான எடையை அந்த அலமாரி ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

புதிய தொட்டியில் மீன் விட்டுப் பத்து நாளில் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகத்தானே இருந்தது?

இதுவே எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி. தெளிவான தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதற்குச் சான்றாகாது. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அதற்கு நிறமில்லை. ஃபில்டரின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறும் ஒரு வகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்தக் குடியேற்றம் நிறைவுற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை தொட்டி புதுக் குடித்தனம்போலத்தான். அடுப்பு உண்டு, ஆனால் சமைக்க ஆளில்லை.

நம் பகுதியில் இந்தச் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறஏற அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் ஏறும். ஆழ்குழாய்த் தண்ணீரோ பெரும்பாலும் காரத்தன்மை உடையது. வழி எளிது. ஏற்கெனவே நன்கு ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி உள்ள நண்பரிடமிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாங்கிவந்து உங்கள் தொட்டியில் ஓடவிடுங்கள். அழுக்காக இருக்கிறதே என்று அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள்; குளோரின் அத்தனை நுண்ணுயிரிகளையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெல்லப் பிழிந்தால் போதும்.

எந்தத் தண்ணீர் நல்லது: மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீரா?

பண்ணையில் பிறந்த ஏஞ்சல் ஓரளவு கடின நீரையும் ஏற்றுக்கொள்ளும். சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் வளர்ந்த மீனை வாங்கினால், அது நம் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தது என்பதால் பழகிக்கொள்ளும். மெட்ரோ தண்ணீரைத் திறந்த வாளியில் ஏர் பம்பு ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி உதவும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு. அதில் தாதுக்கள் இல்லாததால் பி.எச். திடீரென்று சரியும். கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் பயன் உண்டு. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு மாற்றுங்கள். மாதத்துக்கொருமுறை முழுத் தொட்டியையும் காலிசெய்து தேய்த்துக் கழுவும் வழக்கம்தான் பல வீடுகளில் மீன்களைக் கொல்கிறது.

ஹீட்டர் தேவையா?

24 முதல் 30 டிகிரி செல்சியஸ்வரை ஏஞ்சலுக்கு ஏற்றது. கடலோரச் சமவெளியில் ஹீட்டர் இல்லாமல் ஆண்டின் பெரும்பகுதி ஓடிவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இல்லாமல் இயலாது. எங்களுக்கு உண்மையான தொல்லை மே மாதம்தான். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து நிற்கும். மூடியைத் திறந்துவைத்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு மேசை விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு டிகிரியாவது இறங்கும்.

கொசுவத்தியும் கொசு மருந்தும் மீனைப் பாதிக்குமா?

பாதிக்கும். கொசுவை விரட்டும் திரவங்களிலும் தெளிப்பான்களிலும் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மனிதரைவிட மீனுக்குப் பன்மடங்கு நச்சானவை. ஏர் பம்பு அறையின் காற்றையே இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. பம்பை அடுத்த அறையில் வைத்துக் குழாயை நீட்டிவிடுவது என் வழக்கம்.

என்ன தீனி தருவது?

காலை, மாலை இருவேளை, இரண்டு நிமிடத்தில் தின்றுமுடிக்கும் அளவு. தரமான குருணைத் தீனியை அடிப்படையாக வைத்து, வாரத்தில் இரு நாள் உறைந்த ரத்தப்புழுவோ, ஆர்ட்டீமியா என்னும் பொடி உவர்நீர் இறாலோ தரலாம். சாக்கடையோரம் எடுக்கப்படும் உயிருள்ள குழாய்ப்புழு மலிவு, மீனும் பாய்ந்து தின்னும். நோயையும் அதுவே அழைத்துவரும்.

எந்த மீன்களோடு சேர்த்து வளர்க்கலாம்?

முதல் ஆண்டில் நான் ஆறு ஏஞ்சல் குட்டிகளோடு பன்னிரண்டு நியான் டெட்ராக்களை விட்டேன். ஐந்தாம் மாதம் எண்ணிப் பார்த்தபோது டெட்ராக்கள் ஒன்பதாக இருந்தன, ஏழாம் மாதம் நான்கு. இறந்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரவில் விளக்கணைத்தபின் நடந்தது என்ன என்பது, வயிறு புடைத்த பெரிய ஏஞ்சலைக் காலையில் பார்த்தபோது விளங்கியது. வாயில் நுழையும் எதுவும் ஏஞ்சலுக்கு உணவே. கப்பியும் இதே கதிக்குத்தான் ஆளாகும். டைகர் பார்ப் எதிர்த்திசையில் தொல்லை; அது ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். தங்கமீன் குளிர்ந்த நீரை நாடுவது, சேராது. அடித்தளத்தில் உலவும் கோரிடோராஸ் நல்ல துணை.

உடலில் உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுகின்றன. என்ன செய்வது?

'இக்' எனப்படும் ஒட்டுண்ணி நோய் இது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரவில் தண்ணீர் சட்டென்று குளிரும் நாட்களில் அதிகம் வரும். புள்ளிக்குள் இருக்கும்போது ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது முதிர்ந்து, உதிர்ந்து, பலவாகப் பெருகி, புதிய மீனைத் தேடி நீந்தும் கட்டத்தில்தான் சாகும். எனவே புள்ளி மறைந்த அன்றே சிகிச்சையை நிறுத்துவது வீண். ஹீட்டரைக் கொண்டு வெப்பத்தை மெல்ல 30 டிகிரிக்கு உயர்த்தி, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, புள்ளிகள் மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். தொட்டியில் கோரிடோராஸ் இருந்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

முட்டையிட்ட மறுநாளே தாங்களே தின்றுவிடுகின்றனவே?

முதல் சில முறை அப்படித்தான் நடக்கும். பண்ணைகளில் முட்டையைப் பெற்றோரிடமிருந்து உடனே பிரித்தெடுத்துப் பொரிக்கவைப்பதால், காக்கத் தெரிந்த மீனும் தெரியாத மீனும் ஒன்றாகவே பெருகியிருக்கின்றன. அதோடு இரவில் திடீரென்று விளக்கைப் போடுவதும், தொட்டியருகே நடமாட்டமும் அவற்றை மிரளவைக்கின்றன.

என் தொட்டியில் ஒரு ஜோடி நான்காம் முறைதான் குஞ்சுகளைக் காப்பாற்றியது. செங்குத்தாகச் சாய்த்துவைத்த பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை இரண்டு நாள் முழுக்க வாயால் கொத்திக்கொத்திச் சுத்தம் செய்தன. பிறகு பெண் மீன் கீழிருந்து மேலாக ஊர்ந்துகொண்டே, கேழ்வரகு மணிபோன்ற முட்டைகளை ஒரு வரிசையாக ஒட்டிச்செல்ல, ஆண் அதே தடத்தில் பின்தொடர்ந்தது. ஒன்றரை மணி நேரத்தில் இருநூறுக்கு மேல். அதன்பின் இருவரும் முறைவைத்து மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தனர். வெளுத்த முட்டையை மட்டும் பொறுக்கித் தின்றனர். பூஞ்சை அடுத்த முட்டைக்குப் பரவாதிருக்கும் ஏற்பாடு அது. 28 டிகிரியில் சுமார் 60 மணி நேரத்தில் பொரிந்தன. குஞ்சுகள் தலையில் உள்ள பசையால் குழாயில் ஒட்டிக்கொண்டு வாலைத் துடித்தபடி ஐந்து நாள் தொங்கின; விழுந்தவற்றைத் தந்தை வாயில் கவ்விவந்து மீண்டும் ஒட்டியது. நீந்தத் தொடங்கியதும் அப்போது பொரித்த ஆர்ட்டீமியா தேவை. அதன் முட்டைகளை உப்புநீரில் ஒரு நாள் முன்னதாக ஊறப்போட மறந்தால் அத்தனை உழைப்பும் வீணாகும்.

இனி வளர்க்க முடியவில்லை. ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீனை இப்படி விட்டதன் விளைவைத் தமிழ்நாட்டு ஏரிகளிலும், கங்கையிலும் கிருஷ்ணையிலும் மீனவர்கள் அனுபவிக்கிறார்கள். உடல் முழுக்கக் கவசமும் முள்ளுமாக அது வலையைக் கிழிக்கிறது, தின்னவும் ஆளில்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள். பல கடைக்காரர்கள் பணம் தராவிட்டாலும் மீனை எடுத்துக்கொள்வார்கள்.

மீனோடு கிளியும் ஆமையும் வளர்க்க ஆசை. தடை உண்டா?

பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைப்பது 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதே சட்டம் பொருந்தும். 2019 இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலிலும் அது மேலேற்றப்பட்டது. 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் அழைக்கும் பட்ஜெரிகார் ஆஸ்திரேலியப் பறவை, கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகியது. அதற்கு இந்தத் தடை இல்லை. கண்ணருகே சிவப்புப் பட்டையோடு ஐந்து ரூபாய் நாணய அளவில் விற்கப்படும் பச்சை ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. உணவுத் தட்டின் அளவுக்கு வளர்ந்து, இருபது முப்பது ஆண்டுகள் வாழும். ஏஞ்சல் தொட்டியில் விட்டால் முதலில் துடுப்புகள் போகும், பிறகு மீன்கள் போகும்.